ஆளில்லா வீடுகளில் குடிபுகுந்த கலை: ஜப்பானின் ஹொன்முரா ஊரின் அனுபவம்

ஜப்பானில் ஆளில்லாத வீடுகளின் எண்ணிக்கை 90 இலட்சத்தைத் தொட்டுள்ளது. அந்நாட்டு அரசாங்கம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை நடத்தும் வீடு, காணி தொடர்பான கணக்கெடுப்பின் 2023 ஆம் ஆண்டுப் பெறுபேறுகளின்படி, நாட்டிலுள்ள மொத்த வீடுகளில் 13.8 சதவீதமானவை குடியிருப்பாரின்றி உள்ளன. வாடகைக்கும் விற்பனைக்கும் காத்திருக்கும் வீடுகளும் இத்தொகையில் அடங்கும் என்பது உண்மையே. எனினும் எவ்வித நோக்கமுமின்றிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளே அண்மைக்காலத்தில் வேகமாகப் பெருகி வருகின்றன. இவ்வாறான வீட்டை ஜப்பானியர் "அகியா" என அழைக்கின்றனர்.

பெற்றோர் ஊரில் காலமாகி விடுகின்றனர். பிள்ளைகளோ டோக்கியோவிலும் ஒசாக்காவிலும் தொழில் தேடிக்கொண்டு அங்கேயே குடும்பமாகி விட்டனர். வீட்டை இடித்து வெறுங்காணியாக்கினால் செலுத்த வேண்டிய வரி கூடுகின்றது. ஏனெனில் வீடு நிற்கும் சிறிய காணியின் வரிக் கணிப்புப் பெறுமதி ஆறில் ஒன்றாகக் குறைக்கப்படுகின்றது. ஆகவே கூரை சரிந்தாலும் வீடு நிற்கட்டும் என்று விட்டு விடுகின்றனர். ஆபத்தான நிலையிலுள்ள வீடுகளுக்கு இச்சலுகையை இரத்துச் செய்யும் வகையில் 2015 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. இருந்தும் எண்ணிக்கை குறையவில்லை. வாடகைக்குக் கொடுப்பதற்கும் பலருக்கு மனம் வருவதில்லை. முன்னோரின் நினைவாக வைத்து வழிபடும் மாடம் அந்த வீட்டினுள்ளே இருக்கின்றது; ஆண்டுக்கொரு தடவை, இறந்தோரை நினைவுகூரும் ஓபொன் நாட்களில், அங்கு வந்து விளக்கேற்ற வேண்டும் என்ற எண்ணமும் இருக்கின்றது.

இத்தகைய வீடுகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஜப்பானின் ஒரு சிறிய தீவிலுள்ள பழைய ஊரொன்று 1998 ஆம் ஆண்டில் யாரும் எதிர்பாராத ஒரு விடையைச் சொன்னது. அந்த ஊரின் பெயர் ஹொன்முரா. அது அமைந்திருக்கும் தீவு நவோஷிமா. அங்கே பாழடைந்து கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாகச் சமகாலக் கலைஞர்களிடம் கையளிக்கப்பட்டன. அவர்கள் அவ்வீடுகளில் ஓவியங்களைக் கொண்டுவந்து தொங்கவிடவில்லை. வீட்டையே கலைப்படைப்பாக மாற்றினர். "கலை வீட்டுத் திட்டம்" என்று பெயர்பெற்ற இம்முயற்சி இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முன்மாதிரியாகி விட்டது. அது எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்பதை நிதானமாக நோக்குவது பயனுடையது.

நவோஷிமா, ஹொன்ஷு பெருந்தீவுக்கும் ஷிகோக்குத் தீவுக்கும் இடையே விரிந்து கிடக்கும் செட்டோ உள்நாட்டுக் கடலில் அமைந்துள்ளது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தே போய்விடக்கூடிய அளவிலான தீவு. நிர்வாக ரீதியில் அது ககாவா மாகாணத்தைச் சேர்ந்ததாயினும், ஒக்கயாமா மாகாணத்தின் ஊனோ துறைமுகத்திலிருந்து படகில் இருபது நிமிடங்களில் சென்றடைந்து விடலாம். தீவின் கிழக்குக் கரையிலுள்ள ஹொன்முரா, ஜப்பானியப் போர்ப்பிரபுக்களின் காலத்தில் தக்கஹாரா என்னும் குலத்தவர் கோட்டை அமைத்து ஆண்ட குடியிருப்பாகும். கோட்டை அழிந்து விட்டது. ஆனால் அதன் அடிவாரத்தில் உருவான ஒடுங்கிய ஒழுங்கைகளும், அவற்றின் இருபுறமும் நெருங்கி நிற்கும் ஓட்டுக்கூரை வீடுகளும் எஞ்சியிருக்கின்றன.

இவ்வீடுகளின் வெளிச்சுவர்கள் கன்னங்கரேலென்று காட்சியளிப்பதைக் காணும் வெளியூரவர், ஏதோ தீவிபத்து நேர்ந்திருக்கின்றது என்றே முதலில் எண்ணுவர். அது வேண்டுமென்றே செய்யப்படுவது. சீடர் மரப்பலகையின் மேற்பரப்பைத் தீயில் கருக்கி, அக்கரிப்படையை வெளிப்புறமாக வைத்துச் சுவருக்கு அறைகின்றனர். கரியான மேற்படையைப் பூச்சிகள் அரிப்பதில்லை. உப்புக் காற்றும் மழையும் உள்ளே ஊடுருவுவது கடினம். கடலோரத்தில் வாழ்ந்தவர்களின் அனுபவ அறிவு இது. பின்னாளில் இத்தீவுக்கு வந்த கட்டடக் கலைஞர்கள் பலரும் இக்கரிப்பலகையையே தமது புதிய கட்டடங்களுக்கும் எடுத்துக்கொண்டனர்.

ஊரின் அழகை மட்டும் சொல்லி, அதன் மறுபுறத்தைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. 1917 ஆம் ஆண்டில் தீவின் வடபகுதியில் மிட்சுபிஷி நிறுவனம் செப்பு உருக்காலை ஒன்றை அமைத்தது. மீன்பிடியையும் உப்பு உற்பத்தியையும் கப்பல் போக்குவரத்தையும் நம்பியிருந்த மக்களுக்கு அது நிரந்தர வேலையைக் கொடுத்தது. அதேவேளை, அதன் புகைபோக்கிகளிலிருந்து வெளியேறிய கந்தகப் புகை வடக்குக் குன்றுகளை மரஞ்செடியற்ற மொட்டைக் குன்றுகளாக்கியது. இயந்திரமயமாக்கலுடன் வேலையாட்களின் தேவை குறைய, இளைஞர்கள் தீவை விட்டு வெளியேறத் தொடங்கினர். 1960களில் இன்றைய தொகையின் இருமடங்கு மக்கள் அங்கு வாழ்ந்தனர்.

அயலிலுள்ள தேஷிமா தீவின் கதை இதனிலும் வேதனையானது. 1970களின் பிற்பகுதியிலிருந்து 1990 வரை ஒரு தொழில் நிறுவனம் அங்கு சட்டவிரோதமாகக் கொட்டிய நச்சுக் கழிவுகளை அகற்றக் கோரி, அத்தீவு மக்கள் கால் நூற்றாண்டு காலம் போராடினர். 2000 ஆம் ஆண்டில் மாகாண நிர்வாகத்துடன் இணக்கப்பாடு ஏற்பட்டது. அக்கழிவுகள் 2003 முதல் 2017 வரை கப்பலேற்றப்பட்டு நவோஷிமாவின் உருக்காலை வளாகத்திலேயே சுத்திகரிக்கப்பட்டன. அகற்றப்பட்ட தொகை சுமார் 9 இலட்சம் தொன். நாட்டின் கைத்தொழில் வளர்ச்சிக்கு இத்தீவுகள் கொடுத்த விலை என்ன என்பதை இந்த ஓர் எண்ணிக்கையே காட்டும். உல்லாசப் பிரயாணிகளுக்கான கையேடுகளில் இவ்விடயம் பெரும்பாலும் ஓரிரு வரிகளுடன் முடிந்து விடுகின்றது.

1959 ஆம் ஆண்டு முதல் 36 ஆண்டுகள் நவோஷிமாவின் நகரத் தலைவராக இருந்த சிக்கட்சுகு மியாக்கே, தீவை மூன்றாகப் பகுத்து நோக்கினார். வடக்கு கைத்தொழிலுக்கு, நடுப்பகுதி மக்களின் வாழ்வுக்கும் கல்விக்கும், இயற்கை அழகு கெடாதிருந்த தெற்கு பண்பாட்டுக்கும் சுற்றுலாவுக்கும். (இவரது காலத்தில் கட்டப்பட்ட நகர மண்டபமே ஒரு விந்தை. கியோட்டோவிலுள்ள புகழ்பெற்ற பழைய மாளிகையொன்றின் சாயலில் அது 1983 இல் கட்டப்பட்டது. கலைஞர்கள் வருவதற்கு முன்னரே இவ்வூருக்குக் கட்டடங்களில் ஒரு கண் இருந்திருக்கின்றது.) 1985 ஆம் ஆண்டில் ஒக்கயாமாவைச் சேர்ந்த பதிப்பாளரான தெட்சுஹிக்கோ ஃபுக்குட்டாக்கே இவரைச் சந்தித்தார். சிறுவர்கள் கூடும் முகாம் ஒன்றைத் தெற்கில் அமைப்பது என இருவரும் உடன்பட்டனர். மறு ஆண்டே ஃபுக்குட்டாக்கே காலமானார். அவரது மகன் சொயிச்சிரோ தந்தையின் எண்ணத்தைத் தொடர்ந்தார். 1989 இல் முகாமும், 1992 இல் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் தடாவோ அண்டோ வடிவமைத்த, ஹோட்டலும் நூதனசாலையும் ஒன்றாயமைந்த பெனெஸ்ஸே இல்லமும் திறக்கப்பட்டன. அவர்களது பதிப்பகமும் 1995 இல் பெனெஸ்ஸே என்னும் பெயரைச் சூடிக்கொண்டது.

ஆனால் தெற்குக் குன்றின் மேல் எழுந்த அந்தக் கொங்கிறீட் கட்டடத்துக்கும், ஹொன்முரா ஒழுங்கைகளில் வாழ்ந்த முதியவர்களுக்கும் இடையே எவ்வித சம்பந்தமும் இருக்கவில்லை. கலை குன்றிலே இருந்தது. மக்கள் ஊரிலே இருந்தனர். இந்த நிலையை மாற்றியது ஒரு தற்செயலான சம்பவம். 1997 ஆம் ஆண்டில் ஹொன்முரா வாசி ஒருவர் தமது பழைய வீட்டைக் கையளிக்க விரும்புவதாக நகர அலுவலகத்துக்குத் தெரிவித்தார். அந்த வீடு பெனெஸ்ஸே நிறுவனத்திடம் சென்றது. அதுவே "கடோயா". மூலை வீடு என்பது அப்பெயரின் பொருள்.

சுமார் இருநூறு ஆண்டுகள் பழைமையான கடோயாவின் சாந்துச் சுவர்களும் கரிப்பலகைகளும் ஓடுகளும் மரபுவழி முறையில் புதுப்பிக்கப்பட்டன. பின்னர் வீட்டினுள்ளே தட்சுவோ மியாஜிமா என்னும் கலைஞர் அழைக்கப்பட்டார். அவர் அதன் பிரதான அறையின் தரையை ஆழமற்ற நீர்த்தடாகமாக்கினார். இருண்ட அந்நீரில் 125 எல்.ஈ.டி. எண்காட்டிகள் அமிழ்த்தப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஒன்று தொடக்கம் ஒன்பது வரை எண்ணி, பூச்சியம் வரவேண்டிய இடத்தில் அணைந்து, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகின்றது. மியாஜிமாவின் படைப்புகள் எவற்றிலும் பூச்சியம் தோன்றுவதில்லை. அந்த இருள் கணம் இறப்பையும், மீண்டும் எழும் ஒன்று பிறப்பையும் குறிக்கும் என்பது அவரது கருத்து. பௌத்த சிந்தனையின் செல்வாக்கை இங்கே காணலாம்.

இவ்வளவு மட்டும் செய்திருந்தால் அது ஒரு நல்ல கலைப்படைப்பாக மட்டும் நின்றிருக்கும். மியாஜிமா இன்னொன்றும் செய்தார். 125 எண்காட்டிகளும் எந்த வேகத்தில் எண்ண வேண்டும் என்பதைத் தாம் தீர்மானிக்காமல், நவோஷிமா மக்களிடம் விட்டு விட்டார். ஐந்து வயதுச் சிறுவர் முதல் 95 வயது முதியவர் வரையிலான 125 பேர் ஆளுக்கொரு எண்காட்டியை எடுத்து, தமக்கு விருப்பமான வேகத்தை நிர்ணயித்தனர். சிலவற்றில் எண்கள் விரைந்தோடுகின்றன. சிலவற்றில் ஓர் எண் மாறுவதற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். "காலத்தின் கடல் '98" என்பது படைப்பின் பெயர். அதுவரை சமகாலக் கலை என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், தமது எண் ஓடுகின்றதா என்று பார்ப்பதற்காகப் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கினர். இருபது ஆண்டுகளின் பின்னர், 2018 இல், எண்காட்டிகளுக்குப் புதிதாக வேகம் நிர்ணயிக்கும் நிகழ்வு நடத்தப்பட்டது. முதற்தடவை பங்குபற்றிய முதியவர்களில் சிலர் அதற்குள் காலமாகியிருந்தனர்.

நிறுவல் கலை என்று நாம் அழைக்கும் கலைவடிவம் யாதென்பதை விளக்கக் கடோயாவை விடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. ஓவியத்தைச் சுவரிலிருந்து கழற்றி வேறு நகருக்குக் கொண்டு செல்லலாம். சிற்பத்தையும் அவ்வாறே. நிறுவல் கலை குறிப்பிட்ட ஓரிடத்தில், அவ்விடத்தின் வெளியையும் ஒளியையும் ஒலியையும் வரலாற்றையும் பொருளாகக் கொண்டு அமைக்கப்படுவது. பார்ப்பவர் அதற்கு எதிரே நிற்பதில்லை, அதனுள்ளே நுழைகின்றார். மியாஜிமாவின் எண்காட்டிகளை நியூயோர்க்கிலுள்ள ஒரு மண்டபத்தில் வைத்தாலும் அவை ஒளிரும். ஆனால் அந்த 125 பேரின் வீடுகள் சுற்றிலும் இருக்கமாட்டா.

இரண்டாவது படைப்பு 1999 ஆம் ஆண்டில் உருவானது. முன்னொரு காலத்தில் கோவிலொன்று நின்று, பின்னர் அழிந்துபோன காணியில் அண்டோ கரிப்பலகையாலான நீண்ட கட்டடம் ஒன்றை எழுப்பினார். தெற்குக் கோவில் எனப் பொருள்படும் "மினமிதெரா" என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதனுள்ளே அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரலின் "நிலவின் மறுபக்கம்" என்னும் படைப்பு இருக்கின்றது. இருக்கின்றது என்று சொன்னாலும் உள்ளே நுழைபவருக்கு எதுவும் தெரிவதில்லை. தன் கையைத் தான் காணமுடியாத கும்மிருட்டு. சுவரைத் தடவிக்கொண்டு சென்று ஓர் ஆசனத்தில் அமரவேண்டும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் கழிகின்றது. அப்போது எதிரே மங்கலான ஒரு செவ்வக ஒளி மெல்ல மெல்லத் தோன்றுகின்றது. விளக்கை யாரோ சிறிது சிறிதாக ஏற்றுகின்றனர் என்றே எண்ணத் தோன்றும். உண்மையில் அந்த ஒளி தொடக்கத்திலிருந்தே அதே அளவில் அங்கே இருந்துள்ளது. மாறியது பார்ப்பவரின் கண். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோல் வடிவக் கலங்கள், வெளி வெயிலில் இழந்த தமது நிறப்பொருளை இருளில் மீண்டும் உற்பத்தி செய்துகொள்வதற்குச் சில நிமிடங்கள் எடுக்கின்றன. பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியாகப் படித்த உடற்றொழிலியலை டரல் நேரடி அனுபவமாக்கி விடுகின்றார். இருந்தும் காணாதிருந்தோம் என்ற உணர்வுடன் வெளியே வருபவர்கள், மீண்டும் அந்த ஒழுங்கைகளில் நடக்கும்போது முன்னர் கவனியாதவற்றைக் கவனிக்கின்றனர். எமது பார்வையில், ஹொன்முராவிலுள்ள படைப்புகளுள் இதுவே தலைசிறந்தது.

2001 இல் ரெய் நைட்டோ என்னும் பெண் கலைஞர் "கின்ஸா" என்ற சிறிய வீட்டை எடுத்துக்கொண்டார். தரைப்பலகைகள் அகற்றப்பட்டு மண்தரை வெளிப்பட்டது. சுவர்களின் அடியிலுள்ள ஒடுங்கிய இடைவெளியால் மட்டுமே வெளிச்சம் நுழைகின்றது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே, பதினைந்து நிமிடங்களுக்கு, உள்ளே இருக்கலாம். வெளியே ஒழுங்கையில் போகின்றவரின் காலடிநிழல் அந்த இடைவெளியில் தெரியும். அவரது பேச்சுக்குரல் கேட்கும். தனிமையில் இருப்பவருக்கு ஊரின் நடமாட்டமே படைப்பின் பகுதியாகி விடுகின்றது.

2002 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமான விடயம். ஊரவர் வழிபட்டு வந்த கோ-ஓ என்னும் ஷிண்டோ ஆலயம் சிதைந்து கிடந்தது. அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு, கடற்காட்சிப் புகைப்படங்களால் உலகப் புகழ்பெற்ற ஹிரோஷி சுகிமோட்டோவுக்குக் கிடைத்தது. ஜப்பானின் தொன்மையான ஆலய அமைப்பைப் பின்பற்றிக் கருவறையையும் வழிபாட்டு மண்டபத்தையும் அவர் வடிவமைத்தார். கருவறையின் கீழே நிலத்தடிக் கல்லறை போன்றதொரு கூடம். மேலிருந்து கீழே இறங்குவது தெளிந்த கண்ணாடிப் படிக்கட்டு. பகல் வெளிச்சம் அப்படிகளின் வழியே நிலத்தின் கீழே செல்கின்றது. ஒடுங்கிய சுரங்கப் பாதையால் வெளியேறுபவரின் முன்னே செட்டோக் கடலின் தொடுவானம் விரிகின்றது, சுகிமோட்டோவின் புகைப்படங்களில் உள்ளவாறே. புனிதத் தலமொன்றைக் கலைஞனின் கையில் கொடுப்பது எந்தச் சமூகத்திலும் எளிதில் நடக்கக்கூடிய காரியமன்று. இங்கே அது நடந்ததற்குக் காரணம், ஆலயம் ஆலயமாகவே தொடர்ந்ததாகும். இன்றும் அது வழிபாட்டுத் தலம். பார்க்க வருபவர்கள் வழிபட வருபவர்களின் இடத்துக்குள் நுழைகின்றனரேயன்றி, வழிபடுவோர் நூதனசாலைக்குள் நுழைவதில்லை.

2006 இல் மேலும் மூன்று இடங்கள் சேர்ந்தன. உப்பு வணிகத்தால் செழித்த குடும்பமொன்றின் மாளிகையில் ஹிரோஷி செஞ்சு நீர்வீழ்ச்சி ஓவியங்களை அமைத்தார். பல் வைத்தியர் ஒருவரின் வீடும் சிகிச்சை நிலையமுமாக இருந்த கட்டடத்தை ஷின்ரோ ஓட்டாக்கே பழைய பெயர்ப்பலகைகளாலும் தகரங்களாலும் ஒட்டுப்போட்டு, உள்ளே சுதந்திர தேவியின் சிலையொன்றையும் நிறுத்தி வைத்தார். அடக்கமான ஒழுங்கையில் அது மட்டும் சற்று ஆரவாரமாகவே தெரிகின்றது. ஊரவர் கூடி "கோ" ஆட்டம் ஆடிய இடத்தில் யொஷிஹிரோ சுடா மரத்தில் செதுக்கிய கமெலியா மலர்களைப் பாய்விரித்த தரையில் உதிர்ந்து கிடப்பனபோல் வைத்தார். முற்றத்தில் உண்மையான கமெலியாச் செடி நிற்கின்றது. உள்ளே கிடப்பது மரம் என்பதை அறியக் குனிந்து உற்று நோக்க வேண்டும். அதற்கு அடுத்தாற்போல் அச்சொட்டாக அதே அளவான அறை ஒன்று வெறுமையாக விடப்பட்டுள்ளது. பெரும்பாலானோர் அந்த வெற்றறையைக் கவனியாமலே போய்விடுகின்றனர்.

பெரும் பெயர்களைக் கொண்ட இப்படைப்புகளை விட, ஊரில் நிலைத்து நின்ற சிறிய காரியங்கள் சில உண்டு. ஜப்பானிய ஊர்களில் குடும்பப் பெயருக்கு அப்பால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியான பெயர் வழங்கி வந்தது. மூலை வீடு, இன்ன தொழில் செய்தவர் வீடு என்றவாறு வாய்வழியாக வந்த அப்பெயர்கள் மறைந்துகொண்டிருந்தன. கடோயா, கின்ஸா ஆகியனவும் அத்தகைய பெயர்களே. கலைத் திட்டம் தொடங்கிய பின்னர் இந்த வீட்டுப் பெயர்களைத் தாங்கிய சிறு பலகைகள் வாயில்களில் பொருத்தப்பட்டன. 2001 இல் சாயத் துணிக் கலைஞர் ஒருவரின் கைவண்ணத்தில், அந்தந்த வீட்டின் தொழிலையும் கதையையும் பிரதிபலிக்கும் வாயில் திரைச்சீலைகள் தொங்கவிடப்பட்டன. ஒரு சில வீடுகளில் ஆரம்பித்த இவ்வழக்கத்தை ஏனையோரும் விரும்பி ஏற்றுக்கொண்டனர். வீட்டுக்காரரே வாயிலைப் பெருக்கி, பூச்சாடி வைத்து, வழிகேட்டு வருபவருக்குத் தமது வீட்டின் வரலாற்றைச் சொல்லும் நிலை உருவாகியது. முதியவர்கள் பலர் வழிகாட்டிகளாகத் தொண்டாற்ற முன்வந்தனர். டரலின் ஒளியைப் பற்றி எண்பது வயது மூதாட்டி ஒருவர் வெளிநாட்டவருக்கு விளக்கம் கூறுவது இவ்வூரில் அதிசயமான காட்சியன்று. பெண்கள் மட்டுமே பொம்மைகளை இயக்கும் பொம்மலாட்ட மரபொன்றும் இத்தீவில் போருக்குப் பின்னர் புத்துயிர் பெற்று நிலைத்திருக்கின்றது. கலை என்பது இங்கு வெளியூரவர் கொண்டுவந்த சரக்கு மட்டுமே என்று எண்ணுவோர் இதனையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இத்திட்டம் வளர்ந்து பெருகியது. 2004 இல் நிலத்தடியில் கட்டப்பட்ட சிச்சு கலை நூதனசாலை நவோஷிமாவில் திறக்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டில், செட்டோ கடற்றீவுகள் பலவற்றை இணைத்து, மூன்று ஆண்டுகளுக்கொரு தடவை நடைபெறும் செட்டோஉச்சி சர்வதேசக் கலைவிழா ஆரம்பமானது. நிகாட்டா மாகாணத்தின் மலைக்கிராமங்களில் 2000 ஆம் ஆண்டில் இவ்வாறான விழாவை நடத்திக் காட்டிய ஃபிராம் கித்தகவா இதன் பணிப்பாளரானார். முதல் விழாவுக்கு மூன்று இலட்சம் பேர் வருவர் என எதிர்பார்க்கப்பட்டது. பதிவானதோ ஒன்பது இலட்சத்துக்கும் மேல். 2019 இல் அது பதினொன்றரை இலட்சத்தைத் தாண்டியது. ஒருவரே பல தீவுகளுக்குச் செல்லும்போது பல தடவை எண்ணப்படுவதால் இத்தொகைகளைச் சற்றுக் கழித்தே நோக்க வேண்டும். கழித்து நோக்கினாலும் மூவாயிரம் பேர் வாழும் தீவுக்கு அது பெருவெள்ளமே. கொவிட் காலத்தில் வெளிநாட்டவர் வரவு நின்று, 2022 ஆம் ஆண்டு விழாவில் தொகை கணிசமாகக் குறைந்தது. உல்லாசப் பிரயாணத்தை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை உணவக உரிமையாளர்கள் அப்போது நன்கு உணர்ந்திருப்பர்.

இனி, எழுப்பப்படும் வினாக்களுக்கு வருவோம். முதலாவது, இது ஒரு கோடீஸ்வரரின் விருப்பத்தில் தங்கிநிற்கும் திட்டமன்றோ என்பது. இவ்வினாவில் நியாயம் உண்டு. நூதனசாலைகளைப் பேணும் அறக்கட்டளையின் வருமானத்தில் பெரும்பங்கு பெனெஸ்ஸே பங்குகளின் இலாபத்திலிருந்தே வந்தது. பொருளாதாரம் பண்பாட்டுக்குப் பணிபுரிய வேண்டும் என்பது சொயிச்சிரோ ஃபுக்குட்டாக்கே பல தடவை வலியுறுத்தி வந்த கொள்கை. நல்ல கொள்கைதான். ஆயினும், எந்த வீட்டை எந்தக் கலைஞரிடம் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பவர் ஊரவரல்லர். கடோயாவில் மக்கள் வேகத்தை நிர்ணயித்தனர். மியாஜிமாவைத் தெரிவு செய்தவர்கள் அவர்களல்லர். பங்கேற்பு வேறு, அதிகாரம் வேறு. ஹொன்முராவைப் பின்பற்றப் புறப்படும் நகர சபைகள் இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கின்றன.

இரண்டாவது வினா இன்னும் கடினமானது. வீடுகள் காப்பாற்றப்பட்டன; ஊர் காப்பாற்றப்பட்டதா? 2010 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நவோஷிமாவின் சனத்தொகை சுமார் 3300. 2020 இல் அது சுமார் 3100. சரிவு மந்தமாகியிருக்கின்றது, நிற்கவில்லை. வெளியிலிருந்து இளம் குடும்பங்கள் வந்து தேநீர்க் கடைகளையும் தங்குமிடங்களையும் திறந்துள்ளமை உண்மை. செட்டோ கடலின் பல தீவுகளில் காணமுடியாத காட்சி அது. இதே முறையில் 2010 இல் கலை வீட்டுத் திட்டம் தொடங்கப்பட்ட இனுஜிமா தீவில் இன்று நிரந்தரமாக வாழ்பவர்கள் ஐம்பது பேருக்கும் குறைவானோர். அங்கே கட்டடக் கலைஞர் கஸுயோ செஜிமா அமைத்த ஒளிபுகும் அக்ரிலிக் மண்டபங்கள் மிக அழகியவை. ஆனால் அவற்றைச் சூழ வாழ்பவர்கள் குறைந்துகொண்டே செல்கின்றனர். கலை ஓர் ஊரைக் கௌரவத்துடன் முதுமையடையச் செய்யும். அதை இளமையாக்கும் என்று எதிர்பார்ப்பது அதன்மேல் அளவுக்கு மிஞ்சிய பாரத்தைச் சுமத்துவதாகும் என்றே எமக்குத் தோன்றுகின்றது. வேலைவாய்ப்பு, மருத்துவம், பாடசாலை, படகுச் சேவை ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர்கள் வேறு.

மூன்றாவதாக, கலைப்படைப்புகளைக் காண வருபவர்களால் ஊரவர் படும் இடர்களும் சிறியனவல்ல. ஒடுங்கிய ஒழுங்கையில் வரிசைகள் நீள்கின்றன. ஊரவர் பயணிக்கும் சிறிய பேருந்தில் விழாக்காலத்தில் இடம் கிடைப்பதில்லை. தனியார் வீட்டு முற்றத்தைக் கலைப்படைப்பென்று கருதி உள்ளே நுழைபவர்களும் உண்டு. கலை வீடுகளின் உள்ளே புகைப்படம் எடுப்பது தடைசெய்யப்பட்டிருப்பதற்குப் படைப்பைப் பேணுவது மட்டும் காரணமாக இருக்கவேண்டியதில்லை. கையில் கருவியின்றி நிற்கும் வருகையாளர் குரலைத் தாழ்த்திப் பேசுகின்றார் என்பதை அங்கே காணலாம்.

2025 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி, ஹொன்முராவுக்கு அண்மையிலுள்ள குன்றின்மேல் நவோஷிமா புதிய கலை நூதனசாலை திறக்கப்பட்டது. அதையும் அண்டோவே வடிவமைத்துள்ளார். ஆசியக் கலைஞர்களின் படைப்புகளுக்கு அது முதன்மை அளிக்கின்றது. சீனாவைச் சேர்ந்த சாய் குவோ சியாங்கின் 99 ஓநாய் உருவங்கள் கண்ணாடிச் சுவரொன்றை நோக்கிப் பாய்ந்து மோதி வீழும் பெரும் நிறுவல் அங்கு இடம்பெற்றது. கட்டடத்தின் வெளிச்சுவர், கீழேயுள்ள வீடுகளின் கரிப்பலகைக்கு இசைவாகக் கறுப்புச் சாந்து பூசப்பட்டுள்ளது. முன்னைய நூதனசாலைகள் போலத் தெற்குக் கரையில் ஒதுங்கியிராது, மக்கள் வாழும் ஊரை ஒட்டி இது எழுந்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆயினும் இத்தீவில் இடைநிலைப் பாடசாலை வரையே உண்டு. அதற்கு மேல் கற்க விரும்பும் பிள்ளைகள் பதினைந்து வயதில் படகேறி ஊனோவுக்கோ தக்கமாட்சுவுக்கோ போகவேண்டும். தீவில் குடியேற விரும்பி வருபவர்களுக்கோ, பூட்டிய வீடுகள் நிறைந்த ஊரில் வாடகைக்கு ஒரு வீடு கிடைப்பது இன்றும் இலகுவாக இல்லை.